வெள்ளைக்கார அங்கிளின் சீனக் குசினி

இதை வாசித்துத் தட்டச்சுச் செய்யப் போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த வருடம் நாங்கள் ஊரை விட்டு எழும்பினோம். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்ததில்லை. பேனை பிடித்து ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. பெரிய றகரமா சின்ன ரகரமா என்று சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் பொதுவாக எதையோ கிறுக்கி வைத்திருக்கிறேன். சரியானதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கப் போகிறவன் நான். இந்த வருட மலருக்கு, வந்த நாட்டில் எங்கள் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று எல்லோரிடமும் எழுதித் தரக் கேட்டபோது என்னிடமும் கேட்டுவிட்டார்கள். எனக்கு எழுத வருவது ஒரு வெள்ளைக்காரரின் சாப்பாட்டைப் பற்றித்தான். அதுவும் அவர் சாப்பிட்டது வெள்ளைக்காரச் சாப்பாடு இல்லை.

அவருடைய வீட்டு வாசலில் முதல்நாள் நான் தும்மியது நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை மெல்பேர்ணின் வடக்கு ஓரத்தில், கிரெய்கிபர்னில் ஒரு கூட்டாளியின் வீட்டில் இருந்தேன். மல்கிரேவில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை கிடைத்ததும், விடியற்காலை அவ்வளவு தூரம் போக முடியாமல் கிளென் வேவர்லியில் ஓர் அறை தேடினோம். வாடகைக்கு அறை தேடும் தமிழன் படுக்கையைப் பார்ப்பதற்கு முன் குசினியைப் பார்ப்பான். பார்த்த வீடுகளில் பாதிப் பேர் சமைக்கக் கூடாது என்றார்கள். மற்றப் பாதிப் பேர் சமைக்கலாம், ஆனால் மணக்கக் கூடாது என்றார்கள். கடைசியாக வந்த விளம்பரம் ஒரு வயதான ஆங்கிலேயருடையது. என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போன கூட்டாளி வழி முழுக்கப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தான். “மச்சான், வெள்ளைக்காரன்ர வீடு. உன்ர மீன்குழம்பு ஒருக்கா கொதிச்சால் காணும், அடுத்த கிழமை றோட்டில நிப்பாய். சூட்கேஸ முழுசா அவிழ்க்காத.”

கதவு திறந்தபோது செத்தல் மிளகாய் எண்ணெயில் கருகும் காரம் முகத்தில் அடித்தது. நான் தும்மினேன், அவன் தும்மினான், கதவைத் திறந்த கிழவரும் தும்மினார். இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கையில் அகப்பையுடன் நின்றார். உயரமானவர், ஒல்லி, புருவம் வெள்ளை. கூட்டாளி என் காதுக்குள் சொன்னான். “மச்சான், இஞ்ச உன்ர கறிதான் பயப்பட வேணும்.”

குசினியில் நாலு எரிப்பான் உள்ள காஸ் அடுப்பு. இடப்பக்கம் இரண்டும் தனக்கு, வலப்பக்கம் இரண்டும் எனக்கு என்று கையால் கோடு கிழித்துக் காட்டினார். அவருடைய பக்கத்தில் எங்கள் தாச்சி போலவே ஒரு கறுத்த இரும்புச் சட்டி இருந்தது. சுவரில் தொங்கிய ஒரு தகர டப்பாவில் சாப்பாட்டுக் குச்சிகள் நின்றன. பால், வெண்ணெய், பாண் எதையும் காணவில்லை. நான் அவரை அங்கிள் என்று கூப்பிடலாமா என்று கேட்டேன். வயதானவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றைக்கும் நாக்கு வராது. அவர் சந்தோஷப்பட்டார். சீனாவிலும் தன்னைத் தெருப்பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அவர் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு விளங்கியதை எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

இளவயதில் ஆங்கிலம் படிப்பிக்கவென்று இங்கிலாந்திலிருந்து சீனாவின் உட்பகுதியில் ஏதோ ஒரு பட்டணத்துக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு என்று போய் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டார். போன புதிதில் பாணும் இல்லை, வெண்ணெயும் இல்லை. ஊரிலிருந்து கொண்டு போன ஒரு போத்தல் ஜாமை ஒளித்துவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம். ஆசிரியர்கள் தங்கிய கட்டடத்தில் ஆளுக்கொரு நிலக்கரி அடுப்பு, எல்லாம் ஒரே நடைபாதையில். அதனால் அவர் என்ன சமைக்கிறார் என்பது கட்டடத்துக்கே தெரியும். முதல்நாள் உருளைக்கிழங்கை முழுசாக அவித்து உப்புப் போட்டுத் தின்னப் போனாராம். பக்கத்து அடுப்புக்காரி சிரிக்கக்கூட இல்லை, பரிதாபப்பட்டாளாம். மிச்சக் கிழங்கை வாங்கித் தோல் சீவி, நூல்நூலாக அரிந்து, தண்ணீரில் அலசி, செத்தல் மிளகாயும் வினாகிரியும் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டித் தந்தாளாம். அந்தப் பெண்ணின் தங்கையைத்தான் அவர் பிறகு கல்யாணம் செய்தார். “நான் காதலிச்சது முதலில் உருளைக்கிழங்கைத்தான்” என்று சொல்லும்போது அவருடைய புருவம் ஏறி இறங்கும். மகளின் படிப்புக்காக மெல்பேர்ண் வந்தார்கள். நான் போகும்போது மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் கல்யாணம் செய்து சிட்னியில் இருந்தார்.

நான் விடியமுன் வேலைக்குப் போய் மதியத்துக்குத் திரும்புவேன். அவருடைய சாப்பாடும் மதியம்தான். ஆளுக்கொரு பக்கம் என்று கிழித்த கோடு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. காய்கறி எல்லாம் ஒன்றாக இருந்ததுதான் காரணம். கடையில் நான் எடுக்கும் பாவற்காயையும் பயற்றங்காயையும் கங்குன் கீரைக் கட்டையும்தான் அவரும் எடுத்தார். இரண்டு பேரும் ஒரே பாவற்காயை வாங்கி வைத்துவிட்டு முழிப்பதைவிட ஒருவர் வாங்கினால் போதும் என்று ஆயிற்று. சோறு மட்டும் கடைசிவரை இரண்டு பானைதான். அவருடையது ஒட்டிக்கொண்டு கட்டியாக இருக்கும். எங்கள் வீட்டில் அப்படி வடித்தால் சோறு குழைந்துபோயிற்று என்று சமைத்தவளை ஒரு வாரம் சொல்லிக் காட்டுவார்கள். என்னுடைய சோற்றைப் பார்த்து அவர் பரிதாபப்பட்டார். ஒவ்வொரு பருக்கையும் தனியே நிற்கிறது, இதை எப்படிக் குச்சியால் தூக்குவது என்றார். புட்டைக் குச்சியால் சாப்பிட ஒருநாள் முயன்றார். அதைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் சைவம். முதல் வெள்ளியே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு மட்டும் வேறு சட்டியில் டோஃபு வதக்கினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மனைவி தினமும் மதியம் போனில் முகம் காட்டுவாள். என்ன சமைத்தேன், எவ்வளவு சாப்பிட்டேன் என்று கேட்பாள். போனைக் கிண்ணத்துக்கு மேல் பிடித்துக் காட்டினேன். “இஞ்சேரப்பா, அதென்ன வெள்ளைக் கட்டி? சவுக்காரம் மாதிரிக் கிடக்கு” என்றாள். அங்கிள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். தன்னுடைய தாய் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பா என்றார்.

ஆரம்பத்தில் ஒரு பெரிய இக்கட்டு இருந்தது. என் கிண்ணம் காலியானவுடன் அவர் அதை நிரப்பிவிடுவார். சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் பாவம் என்று வளர்ந்தவன் நான். அதனால் வைத்ததைச் சாப்பிட்டு முடிப்பேன். முடித்தவுடன் மறுபடி நிரப்புவார். போதும் என்று சொல்ல எனக்குக் கூச்சம். சொன்னாலும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டு கிழமையில் காற்சட்டையின் பொத்தான் பூட்டவில்லை. கடைசியில் ஒருநாள், ஊரில் பந்தியில் செய்வதுபோல் இரண்டு கையையும் கிண்ணத்தின் மேல் குடையாகப் பிடித்தேன். அவர் அகப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் இருமும்வரை சிரித்தார். சீனாவில் கிண்ணத்தைக் காலி செய்தால் இன்னும் பசிக்கிறது என்று அர்த்தமாம். போதும் என்றால் கொஞ்சம் மிச்சம் விட வேண்டுமாம். அவரும் தட்டை வழித்துத் தின்ன வளர்க்கப்பட்டவர்தான். உலக யுத்தம் முடிந்த காலத்து இங்கிலாந்தில் பங்கீட்டுப் பாண், பங்கீட்டுச் சீனி பார்த்த தாயின் பிள்ளை. மாமியார் வீட்டில் முதல் விருந்தன்று தின்று தின்று கிணற்றடியில் போய் வாந்தி எடுத்தாராம். “மறந்துபோனன். நான் உன்ர பக்கத்தில இருந்தவன், எப்ப மாமியின்ர பக்கம் போனன் எண்டே தெரியேல்லை” என்றார்.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. ஒரு குளிர்காலம், பின்வளவில் வெங்காயத்தாள் பிடுங்கப் போனவர் ஈரச் சீமெந்தில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். சிட்னியிலிருந்து மகள் வந்தார். தகப்பனின் உயரம், தாயின் முகம். எப்போதும் அவசரத்தில் இருப்பவர்போல் தெரிந்தார். வேலையும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கும்போது வேறு எப்படி இருப்பது? கட்டிலருகே நான் பழச்சாறு ஊற்றிக்கொண்டு நிற்கும்போதுதான் அவர் தகப்பனிடம் கேட்டார். தனியாக வீட்டில் இருப்பது சரிவராது, பக்கத்திலேயே நல்ல முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, சில கிழமை இருந்து பார்ப்போம், பிடித்தால் அங்கேயே இருக்கலாம், சம்மதமா என்றார். அங்கிள் உடனே, “நல்ல யோசனை. உனக்குக் கரைச்சல் இல்லாமல் இருக்கும்” என்றார். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு பயந்துகொண்டு வந்தேன் தெரியுமா, நீங்கள் கோபிப்பீர்கள் என்று நினைத்தேன் அப்பா என்றார். வெளியே வந்து என்னிடமும் மரியாதையாகப் பேசினார். அப்பா அங்கே தங்கிவிட்டால் வீட்டை விற்க வேண்டி வரும், உங்களுக்கு வேறு அறை பார்க்க வேண்டிய அவகாசம் தருவேன் என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அந்த இல்லத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தம். வேலை செய்பவர்கள் அன்பானவர்கள். வேலை முடிந்து பெரும்பாலும் ஒவ்வொரு மதியமும் போவேன். அவருடைய முகத்தையும் பெயரையும் பார்த்து, அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்களோ அதையே வைத்தார்கள். சுட்ட இறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, கஸ்டர்ட், பால் ஊற்றிய தேநீர். குடிக்க ஐஸ் போட்ட தண்ணீர். அவர் நாற்பது வருடமாகச் சுடுதண்ணீர் தவிர வேறு குடித்ததில்லை. முள்ளுக்கரண்டியை எடுத்து இரண்டு வாய் சாப்பிடுவார், நேராக வைத்துவிடுவார். பரிமாறும் பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து இன்னும் வேணுமா, வேறு ஏதும் தரட்டுமா என்று கேட்கும். “இல்லை, இல்லை, போதும். மிக நன்றாக இருந்தது” என்பார். அந்தப் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். எடுத்துக்கொண்டு போகும் தட்டையே அவருடைய கண் கதவுவரை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மாதத்தில் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் போட இடம் வந்தது. தாதி, இந்த வயதில் பசி குறைவது வழக்கம் என்றார். மகளுக்கும் போனில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு இனிக் கவனிப்பு அதிகம் தேவை, அங்கேயே நிரந்தரமாக இடம் எடுப்பதுதான் நல்லது என்று மகள் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

எனக்கும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பசி போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் இல்லத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அவர் காலையில் குடிக்கும் கஞ்சியை ஒரு பிளாஸ்கில் கொண்டு போனேன். எங்கள் கஞ்சி போல உப்பும் தேங்காய்ப்பாலும் இல்லை. வெறும் சோறு கரையக் கரையக் காய்ச்சியது, இஞ்சி கொஞ்சம், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய கடுகுக்கீரை. மூடியைத் திறந்ததும், “ஏன் இந்தக் கரைச்சல், நான் இப்பதான் சாப்பிட்டனான், வேண்டாம்” என்றார். நான் ஊற்றினேன். “உண்மையாக வேண்டாம்” என்றார். நான் கரண்டியைக் கையில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பிளாஸ்க் கவிழும்வரை குடித்தார். கடைசியில் கடுகுக்கீரைத் தண்ணீரையும் கரண்டியால் வழித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்கவே இல்லை. காது கேளாமல் இல்லை. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் முதல் வேண்டாத்தைக் கணக்கில் எடுப்பவர்கள் யார்? ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி வேண்டாம், இப்பதான் குடிச்சனான் என்று சொல்லித்தான் கதிரையில் இருப்போம். வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டே கேத்தலை அடுப்பில் வைப்பாள். வேண்டாம் என்றார்கள் என்று அவள் வைக்காமல் இருந்துவிட்டால், வெளியே போய் அந்த வீட்டைப் பற்றி எவ்வளவு கதைப்போம்! சீனாவிலும் அப்படித்தான் என்று அங்கிள் எப்போதோ சொல்லியிருக்கிறார். கேட்டவுடன் ஓம் என்பவன் அங்கே வளர்ப்பில்லாதவன். கேட்பவரும் விடக் கூடாது, மறுப்பவரும் உடனே இறங்கக் கூடாது. நானும் அவரும் இருந்த வீட்டில் ஒருநாளும் ஒருவரும் முதல் வேண்டாத்தோடு நிறுத்தியதில்லை. அது இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்ததால் கண்ணில் படவே இல்லை. இந்த இல்லத்தில் ஒருதரம் கேட்கிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். இல்லை என்றால், அவருடைய விருப்பத்தை மதித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர் மரியாதையாகவே பட்டினி கிடக்கிறார்.

இதோடு இன்னொன்றும் உறைத்தது. மகளும் ஆஸ்பத்திரியில் ஒருதரம்தான் கேட்டார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் போனில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “ஒருக்காக் கேட்டுட்டுப் போறதெல்லாம் ஒரு கேள்வியே? அது வாய்க்குக் கேக்கிறது. நீங்கள் அவரின்ர மகளிட்டச் சொல்லுங்கோ” என்றாள். நான் எப்படிச் சொல்வது, அவர் வீட்டுக்குத் திரும்பினால் எனக்கும் அறை மிஞ்சும், அறைக்காகச் சொல்கிறான் என்றுதானே நினைப்பா என்றேன். மனைவி கத்தியை வைத்துவிட்டு முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டு வந்தாள். “நினைச்சால் நினைக்கட்டும். மனிசன் பட்டினி கிடக்குது, நீங்கள் உங்கட மானத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்.” எனக்குக் கோபம் வந்தது. சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

நிரந்தர இடத்துக்குக் கையெழுத்துப் போட மகள் ஒரு சனிக்கிழமை வந்தார். அன்றைக்கு நான் காலையிலேயே உருளைக்கிழங்கை நூலாக அரிந்தேன். என் கை எவ்வளவு முயன்றாலும் அவர் அரிவது போல் வராது. விறகு போலத் தடித்து நின்றது. தக்காளியில் முட்டை பிரட்டினேன். அவருடைய பானையில் அவருடைய ஒட்டுச் சோறு. இல்லத்துச் சாப்பாட்டு அறையின் மூலை மேசையில், மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபிறகு, டப்பாக்களைத் திறந்து கிண்ணத்தில் போட்டு நீட்டினேன். மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அங்கிள் வழக்கம்போல், இப்போதுதான் சாப்பிட்டேன், வேண்டாம் என்றார். மகள் மெதுவாக, “விடுங்கோ, அப்பாவுக்குப் பசியில்லை. உங்களுக்குத்தான் வீண்வேலை” என்றார். நான் கிண்ணத்தை இழுக்கவில்லை. மறுபடி நீட்டினேன். வேண்டாம் என்றார். கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துக் குச்சியை மேலே வைத்தேன். அவர் எடுத்தார். உருளைக்கிழங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, தடிப்பு என்று என்னைத் திட்டினார். பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டார். கிண்ணம் காலியானது. மிச்சம் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் நிரப்பினேன், அதையும் முடித்தார்.

மகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. பசியே இல்லை என்றார்களே என்று என்னிடம் கேட்டார். முன்பின் தெரியாத ஆங்கிலச் சொற்களை எல்லாம் பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

“அறையை நான் நாளைக்கே விடுறன். ஆனால் அவரிட்ட இன்னொருக்காக் கேளுங்கோ.”

என்ன கேட்பது என்று அவர் கேட்கவில்லை. தன் தாய் விருந்தாளிகளை விடவே மாட்டா என்று சொன்னார். பள்ளிக்கூடத் தோழிகள் வீட்டுக்கு வந்தால், அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டில் போட்டுக்கொண்டே இருப்பாவாம். தனக்கு அது பெரிய வெட்கமாக இருந்ததாம். அம்மா, அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று ஒருநாள் கத்தியும் இருக்கிறாராம். சொல்லிவிட்டுக் கைப்பையை மடியிலிருந்து எடுத்து நிலத்தில் வைத்தார். கதிரையைத் தகப்பனுக்கு நேராகத் திருப்பினார். சீன மொழியில் ஏதோ கேட்டார்.

அங்கிள் கையை வீசிச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மகள் மறுபடி கேட்டார், அதே சொற்கள்தான் என்று எனக்கே தெரிந்தது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு குறுகிய பதில் ஒன்று சொன்னார். மகள் அவருடைய முழங்காலில் கையை வைத்து மூன்றாம் தரமும் கேட்டார். பரிமாறும் பிள்ளை வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போயிற்று. பிறகு அவர் ஒரு சொல் சொன்னார். மகள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். காரில் வரும்போது எனக்குச் சொன்னார். இங்கேயே இருக்க உங்களுக்கு விருப்பமா என்றுதான் கேட்டாராம். முதல் பதில், இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது. இரண்டாவது, நீ வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம். மூன்றாவது, வீட்டுக்கு.

மகள் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. அதற்காக எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுதினால் பொய். குளியலறையில் பிடிகம்பி பூட்ட வேண்டியிருந்தது. காலையில் குளிக்கவைக்க ஒரு பெண் வந்து போனார். மகள் மாதம் ஒருமுறை சிட்னியிலிருந்து வந்தார். வந்த ஒவ்வொரு முறையும், இது சரிவருமா என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. இரண்டு முறை அங்கிள் மறுபடி விழப் பார்த்தார். சமைக்க நிற்க முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, நெருப்புக் காணாது, எண்ணெய் காணாது, அது என்ன அரிவு என்று என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். எனக்கு அது வெறுப்பாக இருந்த நாட்களும் உண்டு. காலை மூன்றரைக்கு எழும்பி வேலைக்குப் போய் வந்தவனுக்கு, உருளைக்கிழங்கு ஒரு நூல் தடித்தால் என்ன என்று தோன்றும். அறையை விடச் சொல்லி மகள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு வழக்கம் மட்டும் புதிதாக வந்தது. ஒவ்வொரு நாளும் மதியம், மகள் வேலையிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். அப்பா சாப்பிட்டவரா என்பார். சாப்பிட்டவர் என்பேன். என்ன சாப்பிட்டார் என்பார். சொல்வேன். சில நாள் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கிள் பக்கத்தில் இருந்துகொண்டே, யார், என்ன கேட்கிறாள் என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்பார்.

ஒரு வருடமும் சில மாதங்களும் அவர் தன் மேசையில் இருந்து சாப்பிட்டார். போன ஆனி மாதம், எனக்கு லீவு நாள், காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் எழும்பவில்லை. மதியத்துக்கு எழுப்பப் போன நான்தான் கண்டேன். அம்புலன்ஸ்காரர்கள் வந்து, பார்த்து, தொப்பியைக் கழற்றினார்கள். அதன் பிறகு மகளுக்குப் போன் எடுத்தேன். என்ன சொன்னேன், எந்தச் சொல்லில் சொன்னேன் என்று எனக்கு இப்போது நினைவில்லை. எப்போது, எப்படி, வலித்ததா என்று ஒன்றும் கேட்காமல், அவர் ஒன்றைத்தான் கேட்டார்.

“சாப்பிட்டவரா?”

“ஓம். கஞ்சி. கடுகுக்கீரையோட. முழுதும் குடிச்சவர்.”

வீடு விற்றாயிற்று. நான் இப்போது மல்கிரேவில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், ஓர் அறையில் இருக்கிறேன். நாலு எரிப்பானும் எனக்குத்தான். ஒரு பானைச் சோறுதான்.

இதை எழுதி முடித்தது: புரட்டாதி மாதம், இரண்டாவது சனிக்கிழமை, மதியம்.